மைதானத்துக்குள்ளும் கைபேசி பார்க்கும் பிள்ளைகள்: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். வேலூரிலிருந்து வந்து பெங்களூருவில் குடியேறியவர் நீங்கள். மகனுக்குப் பதினாறு வயது. பெங்களூருவின் ஐபிஎல் கிரிக்கெட் அணியான ஆர்சிபி என்றால் அவனுக்கு உயிர். எந்த வீரர் எந்த ஆண்டு எத்தனை ரன் எடுத்தார் என்பதெல்லாம் விரல்நுனியில் வைத்திருக்கிறான். ஆனால் ஓர் ஆட்டத்தை முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை அவன் உட்கார்ந்து பார்த்து நீங்கள் கண்டதில்லை. சின்னசாமி ஸ்டேடியத்துக்குப் பல ஆயிரம் செலவழித்து அழைத்துப் போனபோதும் பாதி நேரம் கைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ‘இந்தத் தலைமுறைக்கு நேரடி ஆட்டமே வேண்டாமா, இல்லை எனக்குத்தான் வயதாகிவிட்டதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். விளையாட்டைப் பற்றிய கேள்விதான். ஆனாலும் நான் ஆசையாகப் பார்த்த ஒன்றை என் மகன் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க மறுக்கிறானே என்ற மனக்குறையும் அதில் இருக்கிறது. அது நியாயமான மனக்குறை. அதையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

நான் பெங்களூருவில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் பகுதியொன்றில் நெடுங்காலமாக உடற்கல்வி ஆசிரியர். பல ஆண்டுகள் மாலை வேளைகளில் உள்ளூர்க் கால்பந்துப் போட்டிகளுக்கு நடுவராகவும் இருந்திருக்கிறேன். ஆகவே எனக்குத் தெரிந்ததெல்லாம் பன்னிரண்டு வயது முதல் இருபத்திரண்டு வயதுவரை உள்ள பிள்ளைகள் மைதானத்தின் ஓரத்திலும் உள்ளேயும் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதுதான். அல்சூர், ஆஸ்டின் டவுன் பக்கத்துப் பிள்ளைகளை நன்றாக அறிவேன். ஒயிட்பீல்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வளரும் பிள்ளைகளோடு எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. உங்கள் மகன் அந்தச் சூழலில் வளர்கிறான் என்றால் நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொண்டு படியுங்கள்.

தலைமுறை என்று பேச ஆரம்பித்தாலே பலரும் ஒரு தவறான ஒப்பீட்டில் விழுகிறார்கள். ஐம்பது வயதான நம்மையும் பதினாறு வயதான அவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறார்கள். பதினாறு வயதில் நாம் எப்படி இருந்தோம் என்பதோடுதான் அவர்களை ஒப்பிட வேண்டும். 1987 மார்ச்சில் பாகிஸ்தானுக்கு எதிராகச் சின்னசாமியில் நடந்த டெஸ்ட்டை என் வயதுக்காரர்கள் இன்றும் கண்கலங்கச் சொல்வார்கள். பந்து பாம்பாகத் திரும்பிய அந்த ஆடுகளத்தில் கவாஸ்கர் தன் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸில் 96 ரன் எடுத்தார். இந்தியா 16 ரன்னில் தோற்றது. அந்த 96 ரன்னைப் பந்து பந்தாகப் பார்த்ததுபோலப் பேசுகிறவர்களில் பலரும் அன்று பள்ளி மாணவர்கள். கேலரியில் இருந்தவர்கள்கூட அங்கும் இங்கும் அலைந்துகொண்டும், எதிர்க் கேலரியோடு போட்டி போட்டுக் கத்திக்கொண்டும், வேர்க்கடலை வாங்க இறங்கிப் போய்க்கொண்டும் இருந்தவர்கள்தான். பொறுமையாக உட்கார்ந்து பார்க்கும் குணம் எங்களுக்குப் பின்னால் வந்தது. அது வயதோடு வருவது. உங்கள் மகனின் அமைதியின்மையில் ஒரு பகுதி வெறும் பதினாறு வயது. அந்தப் பகுதியைத் தலைமுறையின் கணக்கில் எழுதாதீர்கள்.

அதைக் கழித்த பிறகும் மிச்சம் இருக்கிறது. எது உறுதியாக மாறியிருக்கிறது என்று கேட்டால், ஆட்டம் வீட்டுக்குள் வந்த வழி மாறியிருக்கிறது. 1982 தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டித்தான் இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அடுத்த ஆண்டே உலகக் கோப்பை வெற்றி. அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒன்றிரண்டு பெட்டிகள், ஒரே ஒரு தூர்தர்ஷன். ஆட்டம் ஒளிபரப்பானால் தெருவே அதைப் பார்த்தது. சலிப்பான ஓவர்களையும் பார்த்தது, வேறு எதுவும் இல்லாததால். தொண்ணூறுகளில் செயற்கைக்கோள் சேனல்கள் வந்தபின் வீட்டுக்கு ஒரு பெட்டி, ரிமோட் கையில் இருப்பவர் ராஜா. 2008 ஏப்ரல் 18 அன்று இதே சின்னசாமியில் ஐபிஎல் தொடங்கியது. முதல் ஆட்டத்திலேயே கொல்கத்தா அணியின் மெக்கல்லம் 158 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். ஐந்து நாள் ஆட்டத்தையும் நாள் முழுக்க நடக்கும் ஒருநாள் ஆட்டத்தையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மூன்றரை மணி நேரத்தில் முடிவது புதுமை. உங்கள் மகனுக்கு அதுதான் கிரிக்கெட்டின் இயல்பான நீளம். 2023இல் ஐபிஎல் முழுவதையும் கைபேசியில் இலவசமாகக் காட்டினார்கள். அப்போது அவன் பதின்பருவத்தில் நுழைந்துகொண்டிருந்தான். நான்கு பேர் உள்ள வீட்டில் நான்கு திரைகளில் ஒரே ஆட்டத்தைத் தனித்தனியாகப் பார்ப்பது அவன் தலைமுறைக்கு முன் நடந்ததே இல்லை.

இந்தத் தனிமையில் ஒரு தொழில்நுட்ப விஷயம் இருக்கிறது. பெற்றோர் பலர் இதைக் கவனிப்பதில்லை. இணையம் வழியாக வரும் ஒளிபரப்பு, கேபிள் அல்லது டிடிஎச் ஒளிபரப்பைவிடப் பல விநாடிகள், சில நேரம் அரை நிமிடம்வரை பிந்தி வரும். படத்தைச் சிறு சிறு துண்டுகளாக்கி, பல சர்வர்கள் வழியாக அனுப்பி, கைபேசி அதில் கொஞ்சத்தைச் சேர்த்து வைத்துக்கொண்ட பிறகே காட்டத் தொடங்குவதால் வரும் தாமதம் அது. பக்கத்து வீட்டில் கூச்சல் எழும்போது உங்கள் மகனின் திரையில் பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்கியிருப்பார். விக்கெட் விழுந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிடும், யார் அவுட் என்பதுதான் தெரியாது. அதற்குள் நண்பர்களின் குழுவில் செய்தி வந்துவிடும். இப்படி வளரும் பிள்ளைக்கு, என்ன நடக்கும் என்ற தவிப்பைவிட எப்படி நடந்தது என்ற ஆர்வம் கூடுதலாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆட்டம் முடிந்தபின் ஐந்து நிமிடத் தொகுப்பு பார்த்தால் போதும் என்று அவன் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தாமதம் இருப்பது உறுதி. அதனால்தான் மனம் இப்படி மாறியது என்பது என் ஊகம்.

மைதானத்தில் கைபேசி பார்த்தான் என்பதைப் பற்றி நீங்கள் கொஞ்சம் அதிகமாகவே வருந்துகிறீர்கள். உங்கள் தந்தையின் தலைமுறை மைதானத்துக்கு டிரான்சிஸ்டர் கொண்டுபோனது. கண்ணெதிரே ஆட்டம் நடக்க, காதில் வானொலி வர்ணனையைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கேலரியின் உச்சியிலிருந்து பார்த்தால் பந்து மட்டையின் விளிம்பில் பட்டதா, கால்காப்பில் பட்டதா என்று தெரியாது. வர்ணனையாளர் சொன்னால்தான் தெரியும். இன்றைய பிள்ளைகள் அதே காரணத்துக்காகக் கைபேசியை எடுக்கிறார்கள். என்னோடு வந்த மாணவர்களைக் கவனித்திருக்கிறேன். விக்கெட் விழுந்ததும் அது எப்படி விழுந்தது என்று தேடுகிறார்கள். கூட்ட நெரிசலில் இணைப்பு கிடைக்காமல் எரிச்சலடைகிறார்கள். இன்னொரு காரணத்துக்காகவும் எடுக்கிறார்கள்: தான் இங்கே இருக்கிறேன் என்று இங்கே இல்லாத நண்பனுக்குக் காட்ட. எனக்கு அது பிடிப்பதில்லை, சொல்லிவிடுகிறேன். சிக்ஸர் போகும்போது எல்லாக் கைகளும் திரையைத் தூக்கிப் பிடித்தால், கைதட்டுவதற்குக் கை எங்கே இருக்கிறது? ஆனால் ஆட்டத்தில் ஆர்வமில்லாத பிள்ளை இரண்டு வேலையையும் செய்யமாட்டான். உங்கள் மகன் எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று அவனிடமே கேளுங்கள். ஸ்கோரையும் ரீப்ளேயையும் பார்த்திருந்தால் கவலை வேண்டாம். ஆட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத எதையோ பார்த்திருந்தால், அந்த ஆட்டத்தில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

இத்தனை ஆண்டுகளில் நான் கண்டு தெளிந்தது இதுதான்: எந்த ஆட்டத்தில் தனக்கு ஒரு பங்கு இருக்கிறதோ, அந்த ஆட்டத்தைப் பிள்ளைகள் முழுதாகப் பார்க்கிறார்கள். அந்தப் பங்கு நமக்குக் கேட்காமலே கிடைத்தது. இவர்கள் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

பெங்களூருத் தமிழர்களின் கால்பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா பிரான்ஸிடம் 2-1 என்று தோற்ற ஆட்டத்தில், பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய அந்த அணிக்கு ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன், இந்த ஊர்க்காரர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடிய அருமைநாயகமும் பெங்களூருவிலிருந்து கொல்கத்தாவுக்குப் போய்ப் புகழ் பெற்றவர். அல்சூரை அடுத்த கௌதமபுரத்துக்குப் போனால் அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளோடு பிரேசில் கால்பந்து வீரர் பீலேயின் சிலையையும் பார்க்கலாம். உலகக் கோப்பை நேரத்தில் அந்தத் தெருக்களில் பறக்கும் பிரேசில் கொடிகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அங்கெல்லாம் ஆட்டம் பார்ப்பது என்பது வீட்டு வாசலிலிருந்து நடந்துபோய் மைதானத்தின் ஓரத்தில் நிற்பது. உள்ளே ஓடுபவன் மாமா மகன், அல்லது எதிர்வீட்டு அண்ணன், அல்லது ஐடிஐ, எச்ஏஎல் போன்ற பொதுத்துறை நிறுவனத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்கியவர். அவர் பந்தைத் தவறவிட்டால் இரவு அவர் வீட்டு வாசலில் அதைப் பற்றிப் பேச்சு நடக்கும். தொண்ணூறு நிமிடமும் நின்று பார்க்க ஒழுக்கமோ பொறுமையோ தேவைப்படவில்லை. நம்மவன் ஆடுகிறான் என்ற ஒன்றே போதுமானதாக இருந்தது.

இன்றும் அந்த மைதானங்களில் உள்ளூர் ஆட்டம் ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகள் கோட்டை மிதித்துக்கொண்டு நிற்பார்கள். நடுவர் விசில் அடித்து அவர்களைப் பின்னால் தள்ள வேண்டியிருக்கும். கைபேசி இருக்கும், பையில். இதே தலைமுறைதான், இதே ஊர்தான். என்ன வித்தியாசம்? நடக்கும் தூரத்தில் மைதானம் இருக்கிறது, உள்ளே தெரிந்தவன் இருக்கிறான். நகரம் பெருகியபோது இந்த இரண்டையும்தான் பெரும்பாலான பிள்ளைகள் இழந்தார்கள். சம்பங்கி ஏரியின் படுகையில் கண்டீரவா ஸ்டேடியத்தைக் கட்டிய ஊர் இது. இன்று அதே ஊரில் விளையாட இடமே இல்லாத கட்டடங்களில் பள்ளிகள் நடக்கின்றன. மணிக்கணக்கில் வாடகை கொடுத்துச் செயற்கைப் புல்தரையில் ஆடிவிட்டு, அடுத்த குழு வந்ததும் வெளியேறும் பிள்ளைக்கு, பிறர் ஆடுவதை ஓரத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை. நேரம் முடிந்தது, கிளம்பு என்கிறார்கள். பார்ப்பதும் பழகிப் பழகி வருவதுதான், ஆடுவதைப் போலவே. பழக இடம் கொடுக்காமல் பிள்ளைகளுக்குக் கவனம் இல்லை என்று குறை சொல்வது எனக்கு உண்மையிலேயே கோபத்தை உண்டாக்குகிறது.

துண்டுக் காட்சிகளை மட்டும் பார்த்து வளர்வதால் என்ன இழப்பு என்றும் ஓர் ஆசிரியராகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இழப்பு இருக்கிறது. இப்போது என்னிடம் வரும் பிள்ளைகள் பந்தை வைத்துச் செய்யும் வித்தைகளில் எங்களைவிடப் பல படி மேலே. பதின்மூன்று வயதில் ஸ்கூப் ஷாட் ஆடுகிறார்கள். மெதுவான பந்துக்கு விரலை எப்படி வைப்பது என்று காணொளி பார்த்துத் தாங்களே கற்றுக்கொள்கிறார்கள். எங்களுக்கு அதைச் சொல்லித்தர ஆளே இல்லை. ஆனால் கால்பந்தில், பந்து தன்னிடம் இல்லாதபோது எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டால் திகைத்துப்போகிறார்கள். ஆறு மணிக்குள் முடியும் ஒரு பயிற்சி ஆட்டத்தில், பந்து எங்கே போகிறதோ அங்கே பத்துப் பேரும் ஓடுவார்கள். காரணம் எளிது. முப்பது விநாடிக் காட்சியில் கோல் மட்டும் இருக்கும். அந்தக் கோலுக்கு இருபது நிமிடம் முன்பிருந்தே எதிரணியின் இடது பக்கத்தைச் சோர்வடைய வைத்த ஓட்டம் இருக்காது. தொலைக்காட்சியில் முழு ஆட்டம் பார்த்தால்கூட கேமரா பந்தைத்தான் துரத்தும். மைதானத்தில் உட்கார்ந்தால் மட்டுமே இருபத்திரண்டு பேரையும் ஒரே பார்வையில் பார்க்க முடியும். நேரடி ஆட்டத்துக்கு மாற்று இல்லை என்று நான் வாதாடுவது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்; பழைய நினைவுகளுக்காக அல்ல.

தமிழ் வீடுகளுக்கென்றே உள்ள ஒரு விஷயமும் உங்கள் வீட்டில் நடக்கிறது என்று சந்தேகிக்கிறேன். நீங்கள் சொல்லவில்லை, ஆனால் நீங்கள் சிஎஸ்கே பக்கமாகத்தான் இருப்பீர்கள். பெங்களூருவில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் அப்பா மஞ்சள், பிள்ளை சிவப்பு. 2024 மே 18 அன்று சின்னசாமியில் ஆர்சிபி 27 ரன்னில் சிஎஸ்கேயை வென்று அடுத்த சுற்றுக்குப் போனது. மறுநாள் பள்ளிப் பிள்ளைகள் என்னிடம் வந்து, வீட்டில் அப்பா இரவு சாப்பிடவே இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். இதில் எனக்குப் பெரிய விஷயம் தெரிகிறது. அப்பா ஊரை விட்டு வந்தாலும் ஊரின் அணியைக் கையோடு கொண்டுவந்தார். பிள்ளைக்குப் பெங்களூருதான் ஊர். அவன் ‘ஈ சலா கப் நம்தே’ (இந்த முறை கோப்பை நமதே) என்று கன்னடத்தில் கத்தும்போது, நான் இந்த நகரத்தைச் சேர்ந்தவன் என்று சொல்லிக்கொள்கிறான். வகுப்பில், பேருந்தில், தெருவில் அவனுக்கு அந்தச் சிவப்புச் சட்டை ஒரு முகவரி. ஆட்டத்தை முழுதாகப் பார்க்காவிட்டாலும் அந்தச் சட்டையை அவன் கழற்றாததற்குக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். அவன் அணிக்கு எதிராக நீங்கள் உட்கார்ந்திருக்கும் வீட்டில், முழு ஆட்டத்தையும் உங்களோடு பார்க்கச் சொல்வது அவனுக்குச் சிரமமாகவும் இருக்கலாம்.

அவன் வயதுப் பிள்ளைகள் முழு ஆட்டத்துக்கும் எழுந்து நின்றே கத்துவதைப் பார்க்க வேண்டுமென்றால் கண்டீரவாவுக்குப் போக வேண்டும். 2013இல் தொடங்கிய கால்பந்து அணியான பெங்களூரு எஃப்சி, முதல் பருவத்தில் அசோக் நகரிலுள்ள கால்பந்து ஸ்டேடியத்தில் ஆடி, அந்தப் பருவத்திலேயே அப்போதைய தேசியக் கால்பந்து லீக்கான ஐ-லீக்கின் பட்டத்தை வென்றது. அங்கே மேற்குப் பக்கத்தில் கூடிய இளைஞர்கள் வெஸ்ட் பிளாக் புளூஸ் என்ற பெயரில் திரண்டு, பிறகு அணியோடு கண்டீரவாவுக்கு வந்தார்கள். பாட்டு, முரசு, துணிப்பதாகை என்று ஆட்டம் முழுக்க ஓயமாட்டார்கள். என் பழைய மாணவர்கள் சிலர் அதில் இருக்கிறார்கள். வகுப்பில் நாற்பது நிமிடம் அமர முடியாமல் தவித்தவர்கள். அங்கே அவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. பாட்டு நின்றால் அணி சோர்ந்துவிடும் என்று நம்புகிறார்கள். இதையெல்லாம் ஐரோப்பிய ஆட்டங்களை நள்ளிரவில் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள் என்று சில பெரியவர்கள் குறை சொல்வதுண்டு. எங்கிருந்து கற்றால் என்ன? உள்ளூர் அணிக்காகப் பாடுகிறார்கள்.

இளைஞர்களைக் கைபேசியே மைதானத்துக்குக் கொண்டுவந்த நிகழ்ச்சியும் இருக்கிறது. 2018 ஜூன் 1 அன்று மும்பையில் நடந்த கால்பந்து ஆட்டத்தில் சீன தைபேயை (தைவான்) இந்தியா 5-0 என்று வென்றபோது பார்வையாளர்கள் 2,569 பேர்தான். பெங்களூரு அணியின் முகமான சுனில் சேத்ரி அந்த ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தவர். மறுநாள் அவர் ஒரு காணொளி வெளியிட்டு, எங்களைத் திட்டுவதற்காகவாவது மைதானத்துக்கு வாருங்கள் என்ற பொருளில் மன்றாடினார். அது கைபேசி கைபேசியாகப் பரவியது. ஜூன் 4 அன்று கென்யாவுக்கு எதிரான ஆட்டத்துக்கு டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்ந்தது. அது சேத்ரியின் நூறாவது சர்வதேச ஆட்டம், மழையிலும் கூட்டம் அசையவில்லை. யாரோ ஒருவர் நேராகப் பார்த்து ‘நீ வந்தால் எங்களுக்கு வித்தியாசம் தெரியும்’ என்று சொன்னதுபோல அவர்களுக்கு இருந்திருக்கிறது. ஒரே ஒரு முறை நடந்ததை வைத்துப் பெரிய முடிவுக்கு வரக்கூடாதுதான். ஆனாலும் இந்தத் தலைமுறை எப்போது எழுந்து வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. நம் தலைமுறையைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போது நாம் மறந்துவிடுவது, அந்தக் கேலரியில் நம் அக்காக்களும் தங்கைகளும் இல்லை என்பது. இருந்தாலும் குடும்பத்தோடு ஓர் ஓரத்தில் இருந்தார்கள். 2024இல் மகளிர் பிரீமியர் லீகின் முதல் பாதி சின்னசாமியில் நடந்தபோது நான் கண்ட கூட்டத்தை முன்பு கண்டதில்லை. பள்ளிச் சீருடையோடு வந்த பெண் பிள்ளைகள், அவர்களை அழைத்து வந்த தாய்மார்கள், பாட்டிகள். ஸ்மிருதி மந்தனா தலைமையில் ஆர்சிபி பெண்கள் அணி அந்த ஆண்டே கோப்பையை வென்றது. ஆர்சிபி என்ற பெயருக்குக் கிடைத்த முதல் கோப்பையே பெண்கள் வாங்கித் தந்ததுதான். 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் இந்தியப் பெண்கள் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று உலகக் கோப்பையை எடுத்தார்கள். அதன் பிறகு என் பள்ளியில் கிரிக்கெட் பயிற்சிக்குப் பெயர் கொடுத்த பெண் பிள்ளைகள் அதிகம். தலைமுறை வித்தியாசம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான், கைபேசியை அல்ல. தானும் ஆட முடியும் என்று தெரிந்த பிள்ளை வேறு கண்களோடு பார்க்கிறாள்.

2025 ஜூன் 4 பற்றியும் எழுத வேண்டும். எழுதக் கை தயங்குகிறது. முந்தைய இரவு அகமதாபாத்தில் ஆர்சிபி ஆண்கள் அணி பதினெட்டு ஆண்டுகளில் முதல் முறையாகக் கோப்பையை வென்றது. மறுநாள் கொண்டாட்டத்தைப் பார்க்கச் சின்னசாமியைச் சுற்றி லட்சக்கணக்கில் மக்கள் திரண்டார்கள். வாயில்களில் ஏற்பட்ட நெரிசலில் 11 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளைஞர்கள். பிள்ளைகளுக்கு நேரடியாகப் பார்ப்பதில் ஆர்வமில்லை என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த நாள் நினைவுக்கு வருகிறது. அங்கே பார்க்க ஆட்டமே இல்லை. பேருந்தில் போகும் வீரர்களைத் தூரத்திலிருந்து ஒரு கணம் பார்க்கலாம், அவ்வளவுதான். அதற்காக மெட்ரோவில் நெருக்கியடித்து வந்தார்கள், ஏனென்றால் ஊரோடு சேர்ந்து அங்கே இருக்க வேண்டும் என்று தோன்றியது. அந்த ஆசை மிகப் பழையது. அதைப் பத்திரமாக ஏந்திக்கொள்ளும் ஏற்பாட்டைப் பெரியவர்கள் செய்யவில்லை.

எனக்குத் தெளிவில்லாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தலைமுறையின் கவன நேரமே குறைந்துவிட்டது என்று பரவலாகச் சொல்கிறார்கள். மூன்று மணி நேரம் எழாமல் கைபேசியில் கால்பந்து விளையாடும் பிள்ளைகளையும் நான் பார்ப்பதால், அதை அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை. முழுதாக மறுக்கவும் முடியவில்லை. காத்திருக்கும் பழக்கம் குறைந்திருக்கிறது என்று மட்டும் துணிந்து சொல்வேன். கற்பனை அணி அமைத்துப் பணம் கட்டும் செயலிகள் பார்வையைக் கெடுத்தன என்பதில் எனக்கு ஐயமில்லை. தன் அணி தோற்றாலும் தான் தேர்ந்தெடுத்த பந்துவீச்சாளருக்கு விக்கெட் கிடைத்ததே என்று மகிழும் பிள்ளைகளைப் பார்த்து வேதனைப்பட்டிருக்கிறேன். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியதை மனமார வரவேற்றேன். அணியை விட்டுத் தனி வீரரைப் பின்தொடரும் பழக்கத்துக்கும் அந்தச் செயலிகளே காரணமா என்றால், அவை ஒரு காரணம் என்பதற்கு மேல் சொல்லமாட்டேன். டெண்டுல்கர் அவுட்டானதும் தொலைக்காட்சியை அணைத்தவர்கள் நம் தலைமுறையிலேயே எத்தனை பேர்! இன்றைய பதினாறு வயதுக்காரர்கள் நாற்பதை எட்டும்போது முழு ஆட்டம் பார்ப்பார்களா என்பதற்குக் காலம்தான் பதில் சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் நியூசிலாந்துக்கு எதிராகச் சின்னசாமியில் இந்தியா 46 ரன்னில் சுருண்ட டெஸ்ட்டுக்கு, கல்லூரியில் படிக்கும் என் பழைய மாணவர்கள் சிலர் போயிருந்தார்கள். சர்ஃபராஸ் 150 எடுத்த நான்காம் நாளையும் விடவில்லை. அவர்கள் எல்லோரும் ஏதாவதொரு கிளப்புக்கு ஆடுகிறவர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் என்ன செய்யலாம் என்பது. மறுபடியும் விலை உயர்ந்த டிக்கெட்டில் தொடங்க வேண்டாம். ஒரு மாலை அவனை ஆஸ்டின் டவுன் மைதானத்துக்கோ, அசோக் நகர் ஸ்டேடியத்தில் நடக்கும் மாவட்ட லீக் ஆட்டத்துக்கோ அழைத்துப் போங்கள். அவன் பள்ளியிலோ தெருவிலோ அறிந்த யாராவது ஆடும் ஆட்டமாக இருந்தால் இன்னும் நல்லது. கோட்டுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். கால் காலில் மோதும் சத்தமும், வீரர்கள் ஒருவரையொருவர் தமிழிலும் கன்னடத்திலும் திட்டிக்கொள்வதும் கேட்கும் தூரத்தில். பத்து நிமிடம் பந்தைப் பார்க்காமல் ஒரே ஒரு தடுப்பாட்டக்காரரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் இன்னொருவரைப் பாருங்கள். பிறகு இருவரும் பார்த்ததைச் சொல்லிக்கொள்ளுங்கள். என் மாணவர்களிடம் இதைவிட நன்றாகப் பலித்த பயிற்சி வேறில்லை. கைபேசிக்குத் தடை போடாதீர்கள், அது பிடிவாதத்தில்தான் முடியும்.

அதற்குப் பிறகு கண்டீரவா. மேற்குப் பக்கத்தில் தன் நண்பர்களோடு நிற்க விரும்பினால் விடுங்கள்; நீங்கள் வேறு பகுதியில் உட்காருங்கள். தந்தை பக்கத்தில் இருக்கும்போது பதினாறு வயதுப் பிள்ளை தொண்டை கிழியக் கத்தமாட்டான். ஐபிஎல் ஆட்டத்துக்கு அடுத்த முறை போகும்போது, அவன் அணி எந்தப் பந்துவீச்சாளரைக் கடைசி ஓவர்களுக்கு வைத்திருக்கும் என்று ஆட்டத்துக்கு முன்பே அவனிடம் கேட்டு அவன் கணிப்பை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புள்ளிவிவரம் தெரிந்தவனுக்கு அதுவே ஆட்டத்துக்குள் நுழையும் வழியாகும். எந்த ஸ்டேடியமானாலும் உள்ளே போனதும் வெளியேறும் வழிகளை இருவரும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்ததும் எழுந்து ஓடாமல், நெரிசல் குறையும்வரை கால் மணி நேரம் அவரவர் இடத்திலேயே இருந்துவிட்டு, முன்பே பேசி வைத்த வாயிலில் சந்தித்து மெட்ரோவுக்கு நடப்பது என்று முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள்.